சிறிய ஊருக்கு வரும் எக்ஸ்ட்ரீம் மெட்டல் குழுவை நேரில் பார்க்க: ஒரு முழுமையான வழிகாட்டி

எக்ஸ்ட்ரீம் மெட்டல் என்பது ராக் இசையில் மிக வேகமும் பெருஞ்சத்தமும் உறுமல் குரலும் கொண்ட வகைகளின் பொதுப்பெயர். அதில் டெத் மெட்டலோ, பிளாக் மெட்டலோ, கிரைண்ட்கோரோ வாசிக்கும் ஒரு குழு தன் சுற்றுப்பயணத்தில் சிறிய ஊர் ஒன்றைச் சேர்த்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் கணக்குதான் காரணம். வெள்ளி, சனி இரவுகள் பெருநகரங்களுக்குப் போய்விடும். நடுவில் செவ்வாயும் புதனும் காலியாகக் கிடக்கும். ஆனால் வேன் வாடகை, ஓட்டுநர் சம்பளம், சவுண்ட் இன்ஜினியர் சம்பளம், தங்கும் செலவு எதுவும் அன்றைக்கு நிற்காது. போகிற வழியில் ஓர் ஊரில் 150 பேர் முன்னால் வாசித்தால் அன்றைய செலவாவது தேறும். இப்படித்தான், மற்ற நாட்களில் 2,000 பேர் கொள்ளும் அரங்கில் பார்க்க வேண்டிய குழு, தாழ்ந்த கூரையும் முழங்கால் உயர மேடையும் உள்ள ஒரு கூடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கிறது.

என்னைக் கேட்டால் இந்த இசையைப் பார்க்க அதைவிடச் சரியான இடம் கிடையாது. இது வளர்ந்ததே அப்படிப்பட்ட இடங்களில்தான். கிரைண்ட்கோர் குழுவான நேபாம் டெத் பர்மிங்காமில் ‘தி மெர்மெய்ட்’ என்ற பப்பில் வாசித்து வாசித்துத்தான் உருவானது. டெத் மெட்டல் குழுவான கேனிபல் கார்ப்ஸ் 1988இல் தொடங்கியது அமெரிக்காவின் பஃபலோவில். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் வாசித்த கோஜிரா, பிரான்சின் தென்மேற்கு மூலையில் பயோன் பக்கத்திலிருந்து வந்த குழு. உலகெங்கும் ரசிகர்கள் படையெடுக்கும் வாக்கன் மெட்டல் விழா 1990 முதல் வட ஜெர்மனியில் ஒரு கிராமத்தில்தான் நடக்கிறது.

சிறிய ஊர் என்றால் ஏற்பாடும் சிறியது. ஒலிபெருக்கி சுமாராக இருக்கும், கடைசிப் பேருந்து சீக்கிரம் போய்விடும், 40 டிக்கெட் விற்காவிட்டால் கச்சேரியே நின்றுபோகும். அதனால் பெருநகரத்தில் தேவைப்படாத சில முன்னேற்பாடுகள் இங்கே வேண்டும். அவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

1. தேதியும் குழுவும் சரிதானா என்று பாருங்கள்

போஸ்டரை மட்டும் நம்பாதீர்கள். அதிலுள்ள லோகோக்களைப் பாதி நேரம் ரசிகர்களாலேயே படிக்க முடியாது. குழுவின் சொந்தப் பக்கம், அரங்கத்தின் பக்கம், ஏற்பாட்டாளரின் பக்கம் மூன்றிலும் ஒரே தேதி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் இல்லையென்றால் விசாரியுங்கள். சுற்றுப்பயணத்தின் நடுவில் விழுந்துபோவது பெரும்பாலும் சிறிய ஊர்த் தேதிகள்தான்.

ஒரே பெயரில் பல குழுக்கள் இருப்பது இந்த வகையில் சகஜம். 2002இலிருந்து இயங்கும் என்சைக்ளோபீடியா மெட்டாலம் தளத்தில் பெயரைத் தேடினால் எந்த நாட்டுக் குழு, எந்த ஆண்டு தொடங்கியது, இப்போது யார் யார் வாசிக்கிறார்கள் என்பதெல்லாம் கிடைக்கும். பழைய ஆல்பத்தைக் கொண்டாடும் சுற்றுப்பயணம் என்று அறிவித்திருந்தால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். அந்த ஆல்பத்தில் வாசித்தவர்களில் ஒரே ஒருவர் மட்டும் மிச்சமிருக்கலாம். அப்படியும் போகலாம், நல்ல கச்சேரியாகவும் இருக்கலாம். தெரிந்து போனால் ஏமாற்றம் இருக்காது.

இன்னொன்றையும் பார்த்துவிடுவது நல்லது. பிளாக் மெட்டலில் நவநாஜிக் கொள்கையை வெளிப்படையாகவோ பூடகமாகவோ தூக்கிப் பிடிக்கும் சில குழுக்கள் உண்டு. முக்கியக் குழுவுக்கு முன்னால் வாசிக்கும், பெயர் தெரியாத தொடக்கக் குழு ஒன்று பட்டியலில் இருந்தால் ஐந்து நிமிடம் தேடிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

2. டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள்

“அன்றைக்கு வாசலில் எடுத்துக்கொள்ளலாம்” என்ற நினைப்புதான் சிறிய ஊர்க் கச்சேரிகளைக் கொல்கிறது. ஏற்பாட்டாளர் குழுவுக்குக் குறைந்தபட்சத் தொகை ஒன்றை உறுதி கொடுத்திருப்பார். இரண்டு வாரம் முன்னால் முன்பதிவைப் பார்த்துவிட்டுத்தான் நடத்துவதா, சிறிய கூடத்துக்கு மாற்றுவதா, கைகழுவுவதா என்று முடிவு செய்வார். 90 பேர் வாசலில் வந்து நிற்கத் தயாராக இருந்தாலும், முன்பதிவு 12 என்று காட்டினால் அவருக்கு அது 12தான். வருவது உறுதி என்றால் அறிவிப்பு வந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

எடுக்கும்போது வயது வரம்பையும் பாருங்கள். மது விற்கும் இடமாக இருந்தால் சில ஊர்களில் வயதுக் கட்டுப்பாடு இருக்கும். அடையாள அட்டை கேட்பார்கள்.

3. வீட்டிலிருந்தே கேட்டுப் பழகுங்கள்

ஆல்பத்தில் துல்லியமாகக் கேட்பது சின்னக் கூடத்தில் அப்படிக் கேட்காது. பாட்டு உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் கலங்கிய சத்தத்துக்குள்ளும் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு) எங்கே திரும்புகிறது என்று மனம் பிடித்துக்கொள்ளும். தெரியாவிட்டால் எல்லாம் ஒரே இரைச்சல்.

செட்லிஸ்ட்.எஃப்எம் தளத்தில் குழுவின் முந்தைய இரவுகளின் பாட்டு வரிசை பெரும்பாலும் ஏறியிருக்கும். ஒரே சுற்றுப்பயணத்தில் வரிசை அதிகம் மாறாது. திடீர் விருந்து வேண்டும் என்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். மற்றவர்கள் அந்த 12, 15 பாட்டுகளை மட்டும் ஒரு வாரம் திருப்பித் திருப்பிக் கேட்டால் போதும். கிரைண்ட்கோர் என்றால் கதையே வேறு. நேபாம் டெத்தின் 1987 ஆல்பத்தில் 1.316 வினாடியே நீளும் ஒரு பாட்டு உண்டு. உலகின் மிகக் குறுகிய பாட்டு என்று கின்னஸில் ஏறியது அதுதான். 40 நிமிடத்தில் 25 பாட்டுக்கு மேல் போகும் கச்சேரியில் கழிவறைக்குப் போய் வந்தால் நான்கைந்து பாட்டு போயிருக்கும். முன்னாலேயே போய் வந்துவிடுங்கள்.

4. காது: இதில் மட்டும் சமரசம் வேண்டாம்

அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் கணக்கு இது: 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88இல் 4 மணி, 91இல் 2 மணி என்று இறங்கி, 100 டெசிபலில் 15 நிமிடம்தான். அரங்குகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வரையறையும் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. நீங்கள் பார்க்கப் போவதோ மூன்று குழுக்கள், மூன்று மணி நேரம்.

சிறிய கூடத்தில் இது இன்னும் மோசமாக இருப்பதற்குக் காரணம் டிரம்ஸ். பலமாக அடிக்கும் டிரம்மருக்குப் பக்கத்தில் நின்றால், ஒலிபெருக்கியே இல்லாமல் 100 டெசிபலைத் தாண்டும். இன்ஜினியர் எதைக் குறைத்தாலும் டிரம்ஸைக் குறைக்க முடியாது. அதற்கு ஈடுகொடுக்க கிடாரையும் குரலையும் ஏற்றுவார். கூரை தாழ்வாக இருந்தால் சிம்பல் சத்தம் மேலே பட்டு நேராக உங்கள் தலையில் இறங்கும்.

ஆகவே இயர்பிளக். மலிவான நுரை வகை சத்தத்தை அதிகம் குறைக்கும். ஆனால் கூர்மையான ஒலிகளைக் கூடுதலாக விழுங்கிவிடுவதால் கிடார் கொஞ்சம் மங்கும். ஃபில்டர் வைத்த இசைக்கலைஞர் வகை 15 முதல் 20 டெசிபல் வரை சீராகக் குறைக்கும். இசை இசையாகவே கேட்கும். முன்வரிசையில் நிற்பதென்றால் நுரையே மேல். நடுக்கூடத்துக்கு ஃபில்டர் வகை போதும். பிளக் வைத்தால் பாட்டுக் கேட்காது என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மிகுந்த சத்தத்தில் காதே ஒலியைச் சிதைக்க ஆரம்பித்துவிடும். அந்த நிலையில் பிளக் வைத்தால் ரிஃப் முன்பைவிடத் தெளிவாகக் கேட்பதுதான் பலரின் அனுபவம்.

நுரை பிளக்கைச் சும்மா காதில் சொருகினால் பாதிப் பலன்கூட இருக்காது. விரல்களால் விளக்குத் திரி போல மெல்லிசாக உருட்டுங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். இப்போது காதுத் துளை நேராகும். உள்ளே விட்டு, நுரை உப்பும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு உள்ளங்கைகளாலும் காதைப் பொத்திப் பாருங்கள். பொத்தியதும் சத்தம் வெகுவாகக் குறைந்தால் பிளக் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். கை சுத்தமாக இருக்கும்போது, அரங்கத்துக்குள் நுழைவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். கூடுதலாக ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். பக்கத்தில் காதைப் பொத்திக்கொண்டு நிற்கும் யாருக்காவது கொடுக்கலாம்.

5. உடுப்பும் பையும்

மூடிய ஷூ, இறுக்கமாகக் கட்டிய கயிறு. கூர்முனை வைத்த கைப்பட்டை படத்துக்கு அழகு, நெருக்கடியில் அடுத்தவர் கண்ணுக்கு ஆபத்து. முதுகுப்பை வேண்டாம். ஃபோன், சாவி, அடையாள அட்டை, கொஞ்சம் ரொக்கம் எல்லாம் கால்சட்டையின் ஜிப் வைத்த பையில். கண்ணாடி போடுகிறவர்கள் பின்பக்கம் கட்டும் நாடாவை மாட்டிக்கொள்ளலாம். கறுப்பு டி-ஷர்ட் கட்டாயமில்லை. மேடையில் வாசிக்கும் குழுவின் டி-ஷர்ட்டையே அதன் கச்சேரிக்குப் போட்டுப்போகக் கூடாது என்றொரு எழுதாத விதி பேசப்படும், அதையும் யாரும் பொருட்படுத்த வேண்டியதில்லை.

புகை இயந்திரமும் வெட்டி மின்னும் ஸ்ட்ரோப் விளக்கும் இந்தக் கச்சேரிகளில் வழக்கம். ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலரைக் கையோடு வைத்திருங்கள். வலிப்பு நோய் இருந்தால் ஸ்ட்ரோப் உண்டா என்று அரங்கத்தாரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

6. சீக்கிரம் போங்கள்

கதவு திறக்கும் நேரம் வேறு, முதல் குழு ஏறும் நேரம் வேறு, முக்கியக் குழு ஏறும் நேரம் வேறு. பெரும்பாலும் தொடக்கக் குழுக்களுக்கு அரை மணி நேரம், மேடை மாற்ற 15, 20 நிமிடம், முக்கியக் குழுவுக்கு ஒரு மணி நேரம் அல்லது சற்று மேல் என்று போகும். முடிக்க வேண்டிய நேரத்தை ஊர் விதி கறாராக வைத்திருந்தால், முன்னால் தாமதமானது முக்கியக் குழுவின் நேரத்திலிருந்துதான் வெட்டப்படும்.

முதலில் ஏறுவது பெரும்பாலும் உள்ளூர்ப் பையன்களோ பெண்களோ வாசிக்கும் குழு. சவுண்ட் செக்குக்கு நேரமே கிடைத்திருக்காது. ஒவ்வொரு மைக்கும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு அப்படியே தொடங்குவார்கள். அவர்களின் முதல் பாட்டில்தான் இன்ஜினியர் அந்தக் கூடத்தையே புரிந்துகொள்கிறார். அதனால் சத்தம் சரியில்லை என்று வெளியே போய் நிற்காதீர்கள். அந்த ஊரில் அடுத்த கச்சேரியை ஏற்பாடு செய்யப் போவது அநேகமாக அந்த மேடையில் நிற்பவர்களில் ஒருவர்தான்.

7. எங்கே நிற்பது

கச்சேரி உங்களுக்கு எப்படிக் கேட்கும் என்பதில் பாதியை நீங்கள் நிற்கும் இடம் தீர்மானிக்கிறது. குரல் வருவது மேடையின் இரு பக்கமும் உள்ள ஸ்பீக்கர்களிலிருந்து. அவை உங்களைத் தாண்டிப் பின்னால் இருப்பவர்களைப் பார்த்து வைக்கப்பட்டிருக்கும். எனவே மேடைக்கு நேர் முன்னால், நடுவில் நின்றால் டிரம்ஸும் கிடார் ஆம்ப்ளிஃபயரும்தான் கேட்கும். பாடுபவர் வாயை அசைப்பதுதான் தெரியும். கிடார் ஸ்பீக்கர் தன் நேர் எதிரே கூர்மையாகக் குத்தும், பக்கவாட்டில் மட்டுப்படும். இடது கிடாரிஸ்ட்டின் பெட்டிக்கு எதிரே நின்றால் வலது கிடார் காணாமல் போகும். சுவரோரமும் மூலையும் பேஸ் சத்தம் தேங்கும் இடங்கள்; அங்கே இரட்டை பேஸ் டிரம் தனித்தனி அடியாகக் கேட்காமல் ஒரே உருட்டலாகக் கேட்கும்.

நல்ல இடம், சவுண்ட் இன்ஜினியரின் மேஜைக்கு நேர் முன்னால். அவர் தன் காதுக்குச் சரியாக வருகிறவரைதான் திருகிக்கொண்டிருப்பார். சின்னக் கூடங்களில் மேஜையை இடமில்லாமல் மூலையில் தள்ளியிருப்பார்கள். அப்படியென்றால் அவர் இருக்கையை விட்டு எழுந்து நடந்துவந்து எங்கே நின்று கேட்கிறார் என்று கவனியுங்கள். அங்கே போய் நில்லுங்கள்.

இருந்தாலும் நான் இரண்டு இடத்தையும் பங்கிட்டுக்கொள்வேன்: தொடக்கத்தில் இன்ஜினியர் பக்கம், கடைசி நான்கைந்து பாட்டுக்கு மேடையோரம். முன்னால் போவது கேட்பதற்காக இல்லை, பார்ப்பதற்காக. மேடையின் பக்கவாட்டில் இடம் கிடைத்தால் டிரம்மரின் கால்களைப் பாருங்கள். குதிகால் பெடலில் படாது, தொடை அசையாது, மிக வேகமான பகுதிகளில் கணுக்கால் மட்டும் துடிக்கும். இடைவிடாமல் படுவேகமாக அடிக்கும் பிளாஸ்ட் பீட்டில், ஸ்னேர் டிரம்மை அடிக்கும் கை தோளிலிருந்து வராது, மணிக்கட்டும் விரல்களுமே வேலை செய்யும். வேகம் கூடக் கூட அசைவு சிறுத்துக்கொண்டே போகும். கிடாரிஸ்ட்டின் வலது உள்ளங்கை, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் மேல் படுத்திருக்கும். அது எழும்பும் நொடியில்தான் ரிஃப் திறந்துகொள்ளும். உறுமிப் பாடுபவரின் கழுத்து நரம்பு புடைக்கவில்லை என்றால் வியக்காதீர்கள். அந்தச் சத்தம் முக்கியமாகக் குரல்நாண்களுக்கு மேலே உள்ள மடிப்புகளின் அதிர்விலிருந்து வருவது. பழகியவர் தொண்டையைக் கிழிப்பதில்லை. அதனால்தான் பாட்டு முடிந்ததும் சாதாரணக் குரலில் நன்றி சொல்ல முடிகிறது. மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பாடுகிறாரா என்றும் பாருங்கள். பார்க்க மிரட்டலாக இருக்கும். சொற்கள் குழம்பும், ஊளைச் சத்தம் கிளம்பும், பின்னால் இன்ஜினியர் தலையில் அடித்துக்கொள்வார்.

8. மாஷ் பிட், ஹெட்பேங்கிங்

மேடைக்கு முன்னால் ரசிகர்கள் ஒருவரை ஒருவர் மோதித் தள்ளி ஆடும் இடம்தான் மாஷ் பிட். பிட்டில் இறங்கினால்தான் ரசிகன் என்பது வெட்டிப் பேச்சு. கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை நின்று கேட்பவர்கள் எல்லாக் கச்சேரியிலும் உண்டு.

இறங்குவதானால் முதலில் ஒரு பாட்டு முழுக்க ஓரத்தில் நின்று அது எந்த மாதிரிப் பிட் என்று பாருங்கள். தள்ளுகிறார்களா, கை காலை வீசுகிறார்களா, வட்டமாக ஓடுகிறார்களா? கார்னெல் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் மெட்டல் கச்சேரி வீடியோக்களை அலசி 2013இல் ‘ஃபிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பிட்டில் மோதிக்கொள்பவர்களின் இயக்கம் வாயு மூலக்கூறுகளின் இயக்கத்தை ஒத்திருக்கிறது என்றும், வட்டப் பிட்கள் பெரும்பாலும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுகின்றன என்றும் அதில் சொன்னார்கள். நமக்கு வேண்டியது இரண்டாவது சேதி: வட்டம் கிளம்பினால் ஓட்டத்தோடு ஓடுங்கள், குறுக்கே வெட்டாதீர்கள்.

60 பேர் கூட்டத்தில் பிட்டுக்கு வேலி கிடையாது. தூண், மேடை விளிம்பு, தரையில் வைத்த மானிட்டர் ஸ்பீக்கர் எங்கே என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். யாராவது விழுந்தால் உடனே சுற்றி நின்று தூக்கிவிட வேண்டும். இந்த ஒன்றை உலகம் முழுக்கக் கடைப்பிடிக்கிறார்கள். கழன்ற ஷூ, விழுந்த கண்ணாடி கிடைத்தால் கையை உயர்த்திக் காட்டுங்கள். விலகி நிற்பவரை இழுக்காதீர்கள். நெரிசலைச் சாக்கிட்டு யார்மீதாவது கை வைப்பவனைக் கண்டால் காவலாளியிடம் சொல்லுங்கள். காவலாளியே இல்லாத கூடமானால் மேடையில் இருப்பவர்களிடமே சொல்லலாம். பல குழுக்கள் பாட்டை நிறுத்திவிட்டுக் கவனிப்பார்கள்.

தாளத்துக்குத் தலையை வேகமாக ஆட்டும் ஹெட்பேங்கிங் பற்றியும் ஆராய்ச்சி இருக்கிறது. 2008இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். இதற்கு உகந்த பாட்டின் சராசரி வேகம் நிமிடத்துக்கு 146 தாள அடி. அந்த வேகத்தில் தலையை 75 பாகைக்கு மேல் ஆட்டினால் லேசான தலைக்காயம் ஏற்படலாம். ஆட்டத்தின் அகலத்தைக் குறைப்பதும், ஒன்றுவிட்டு ஒரு அடிக்கு ஆட்டுவதும் அவர்கள் சொன்ன வழிகள். நிமிடத்துக்கு 220 தாள அடியில் ஓடும் பிளாஸ்ட் பீட்டுக்கு முழு அடிக்கும் ஆட்ட யாராலும் முடியாது. பாதி வேகத்தில் ஆட்டுவதே தாளத்தோடும் பொருந்தும். கச்சேரிக்குப் பிறகு தலைவலி நாள்கணக்கில் நீடித்தாலோ கூடிக்கொண்டே போனாலோ மருத்துவரைப் பாருங்கள். ஹெட்பேங்கிங்கால் மூளையுறைக்குள் இரத்தம் கசிந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

9. மெர்ச் மேஜை

டிக்கெட் காசு அரங்கத்துக்கும் ஏற்பாட்டாளருக்கும் பயணத்துக்கும் போய்விடும். சிறிய குழுவின் கையில் நிற்பது பெரும்பாலும் இந்த மேஜையில் விற்கும் டி-ஷர்ட்டும் பேட்ச்சும் இசைத்தட்டும்தான். அதிலும் சில அரங்கங்கள் பங்கு கேட்கும். பிரிட்டனில் ஃபீச்சர்டு ஆர்ட்டிஸ்ட்ஸ் கொயலிஷன் என்ற இசைக்கலைஞர் அமைப்பு 2022இல், அப்படிப் பங்கு வாங்காத அரங்கங்களின் பட்டியலையே வெளியிடத் தொடங்கியது.

உங்கள் அளவு தீர்ந்துபோகும் முன் வாங்க வேண்டும், பிட்டில் தூக்கிக்கொண்டு அலையவும் கூடாது. மேடை மாற்றும் இடைவேளையில் வாங்கி, போட்டிருப்பதன் மேலேயே போட்டுக்கொள்வது ஒரு வழி. கார்டு இயந்திரம் வேலை செய்யாத கூடங்கள் நிறைய, ரொக்கம் வைத்திருங்கள். மேஜைக்குப் பின்னால் நிற்பது பல நேரம் வாசித்தவர்களேதான். அவர்களிடம் பேசலாம், எந்தப் பாட்டு பிடித்தது என்று சொல்லலாம். ஆனால் கச்சேரி முடிந்தபின் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருப்பவரை செல்ஃபிக்கு நிறுத்தாதீர்கள். அவர் இன்னும் பல மணி நேரம் பயணம் போக வேண்டும்.

10. முடிந்த பிறகு

திரும்பும் வண்டியைக் கச்சேரிக்குப் போகும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். கடைசிப் பேருந்தோ ரயிலோ கச்சேரி முடிவதற்கு முன்பே கிளம்பிவிடும் ஊரானால், அதே அரங்குக்கு உங்கள் பக்கத்திலிருந்து வருகிற வேறு ரசிகர்களை முன்பே தேடிப் பிடித்து வண்டியைப் பகிர்ந்துகொள்ளுங்கள். வெளியே வியர்வையோடு குளிரில் நிற்க நேரலாம், மாற்று உடை ஒன்று வண்டியில் இருக்கட்டும். பிளக்கை எடுத்தபிறகு வழியில் ஹெட்ஃபோன் வேண்டாம். காதுக்கு ஓய்வு கொடுங்கள்.

அன்றிரவு காதில் இரைச்சலோ அடைப்போ இருந்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும். அதற்குப் பிறகும் போகவில்லை என்றால் இ.என்.டி. மருத்துவரிடம் போங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமலே போனால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அன்றைக்கே போக வேண்டும். எவ்வளவு நேரம், ஸ்பீக்கருக்கு எவ்வளவு பக்கத்தில் நின்றீர்கள், பிளக் வைத்திருந்தீர்களா என்று மூன்றையும் அவரிடம் சொல்லுங்கள்.